ஓடிய வண்டி

வில்லியனூரில் ஒரு வளையல்காரர் இருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வளையல்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவியை வளையல்காரம்மா என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

இருவருக்கும் திருவிழாதான் பிழைப்பு. வில்லியனூர்த் தேர். வீராம்பட்டினம் தேர். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரை. காரைக்காலில் மாங்கனித் திருவிழா. எங்கே கூட்டமோ அங்கே அவர்கள் கடை. கண்ணாடி வளையல், பொட்டு, ரிப்பன், பீப்பி, பொம்மை எல்லாம் இருக்கும்.

சரக்கு ஏற்ற வாடகை வண்டி பிடிப்பார்கள். காரைக்காலுக்குப் போய்வர 7,000 ரூபாய் ஆகிவிடும். இரவில் கடைப் பலகைக்கு அடியில் தூக்கம். மேலே ஒரு தார்ப்பாய். போன மாங்கனித் திருவிழாவில் ஒரு ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. பொட்டு அட்டைகள் ஊறிப் போயின. வளையல்காரம்மா விடியும்வரை பொம்மை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் சொன்னார்: "என்னங்க, சொந்தமா ஒரு வேன் வாங்கணும். சரக்கும் அதிலே. படுக்கையும் அதிலே."

கையில் சேர்த்தது 1,50,000 ரூபாய். மகளிர் குழுவில் கடன் 1,00,000 ரூபாய். ஆக மொத்தம் 2,50,000 ரூபாய். புது வேனுக்கு இது போதாது. பழைய வேன்தான் வாங்க முடியும். இந்தப் பணம் போனால் திரும்பச் சேர்க்கப் பல வருடம் ஆகும். குழுக் கடனை மாதம் தவறாமல் கட்டவும் வேண்டும்.

அடுத்த தெருவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். பாய் என்று கூப்பிடுவார்கள். அவரிடம் யோசனை கேட்டார்கள்.

"மீட்டரை மட்டும் பார்த்து வண்டி வாங்காதீங்க. என்னையும் கூப்பிடுங்க" என்றார் பாய்.

முதல் வண்டி

புரோக்கர் ஒரு வேன் கொண்டுவந்தார். ஈகோ சரக்கு வேன். முன்னால் இரண்டு சீட்டு. பின்னால் மூடிய கூடு. தரை சமமாக இருந்தது. இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். 2018ஆம் ஆண்டு வண்டி. புதுப் பெயின்ட் பளபளத்தது. சீட்டுக்குப் புது உறை. மீட்டரில் 58,300 கிலோ மீட்டர். விலை 2,45,000 ரூபாய்.

வளையல்காரருக்கு மனது நிறைந்துவிட்டது. முன்பணம் 10,000 ரூபாயை மடியிலிருந்து எடுத்தே விட்டார்.

வளையல்காரம்மா டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். கதவு மூடும் இடத்தில், உள்பக்கம், ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பாதி கிழிந்திருந்தது. அதில் ஆங்கில எழுத்து. அது அவருக்குத் தெரியாது. ஆனால் எண் தெரியும். மாலை வகுப்பில் படித்தது. விரலை வைத்து மெல்லப் படித்தார்.

"ஒண்ணு. மூணு. பூஜ்யம். அப்புறமும் மூணு பூஜ்யம். ஒரு லட்சத்து முப்பதாயிரம். இது என்ன பாய்?"

புரோக்கர் அவசரமாகச் சொன்னார்: "அது ஏதோ பழைய ஸ்டிக்கர்மா."

பாய் குனிந்து பார்த்தார். "ஆயில் மாத்தினா இதை ஒட்டுவாங்க. அடுத்த ஆயில் எத்தனை கிலோ மீட்டரில் மாத்தணும்னு எழுதியிருக்கு. 1,30,000ல மாத்தணுமாம். அப்படின்னா இந்த வண்டி எப்பவோ ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. அப்புறம் எப்படி 58,300க்குத் திரும்பி வந்தது?"

வண்டி பின்னால் ஓட்டினால் வயது குறையாது. மீட்டரைத்தான் யாரோ குறைத்திருக்கிறார்கள். இப்போது வரும் மின்னணு மீட்டரையும் கருவி வைத்து மாற்றிவிடுகிறார்கள். ஆனால் மற்ற இடங்களில் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கும். பாய் பிரேக் மிதியைக் காட்டினார். அதன் மேல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஐம்பதாயிரம் ஓடிய வண்டியில் ரப்பர் இவ்வளவு தேயாது.

வளையல்காரம்மா கடையிலிருந்து ஒரு பொம்மைக் காந்தம் எடுத்து வந்திருந்தார். பாய் சொல்லித்தான். கதவின் மேல் வைத்தார். ஒட்டியது. கதவின் அடியில் வைத்தார். ஒட்டவில்லை. கீழே விழுந்தது. அங்கே தகடு இல்லை. துருப்பிடித்த இடத்தில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். காந்தம் இரும்பில்தான் ஒட்டும். பட்டியில் ஒட்டாது.

கடைசியாகப் பாய் கால் மிதியடியைத் தூக்கினார். சீட்டு நகரும் கம்பியின் இடுக்கில் வண்டல் மண் காய்ந்து கிடந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியில் இப்படி இருக்கும். 2015ல் சென்னையில் வெள்ளம் வந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியிலும் தெருவெல்லாம் தண்ணீர். அப்படி மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்றுவிடுகிறார்கள். வெளியே தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒயர் ஒவ்வொன்றாகப் பழுதாகும்.

இன்னொன்றும் இருந்தது. அது தமிழ்நாட்டுப் பதிவு வண்டி. புதுச்சேரிப் பெயருக்கு மாற்ற வேண்டுமானால், பதிவு செய்த இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவைப் புரோக்கர் சொல்லவே இல்லை.

முன்பணம் மடிக்குள் திரும்பிப் போனது. ஆனாலும் வளையல்காரர் இரண்டு நாள் மனைவியிடம் சரியாகப் பேசவில்லை. நல்ல வண்டி கைநழுவிப் போய்விட்டது என்று அவருக்கு எண்ணம். பளபளப்பு அப்படித்தான் ஆளை மயக்கும்.

இரண்டாவது வண்டி

ஒரு பெரியவர் ரொட்டி வியாபாரத்தை நிறுத்தப் போகிறார் என்று பாய்க்குத் தகவல் வந்தது. அவரிடமும் ஈகோ சரக்கு வேன். 2017ஆம் ஆண்டு வண்டி. புதுச்சேரிப் பதிவு. முதலிலிருந்து ஒரே உரிமையாளர். விலை 2,40,000 ரூபாய்.

வளையல்காரர் மீட்டரைப் பார்த்தார். 1,97,412 என்று இருந்தது.

"ரெண்டு லட்சம் கிலோ மீட்டரா? வாங்க போகலாம்" என்று திரும்பிவிட்டார்.

அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. பூமியை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 40,000 கிலோ மீட்டர். இந்த வேன் கிட்டத்தட்ட ஐந்து சுற்று ஓடியிருக்கிறது.

பெரியவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். பை நிறைய ரசீது. கூடவே ஒரு பழைய நோட்டு. வளையல்காரம்மா நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு வரியிலும் தேதி, மீட்டர் எண், செய்த வேலை, செலவு எல்லாம் இருந்தன. சில வரிகள் இப்படி:

12-3-2021. 80,300. ஆயில், ஆயில் பில்ட்டர் மாற்றியது.

5-11-2022. 1,20,150. கிளட்ச் பிளேட் மாற்றியது.

19-8-2024. 1,62,900. ரேடியேட்டர் குழாய் மாற்றியது.

அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். எண் எங்காவது குறைகிறதா? இல்லை. ஏறிக்கொண்டே போனது. ஏறக்குறைய 10,000 கிலோ மீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றியிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் விரல் நின்றது.

"ஐயா, 2020ல மூணு மாசம் ஒண்ணுமே எழுதலையே?"

"ஊரடங்கும்மா. வண்டி வீட்டு வாசல்லதான் நின்னுச்சு."

"தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"கடலூர் வரைக்கும் போய், கடை கடையா போட்டுட்டு வருவேன். 80 கிலோ மீட்டர் ஆகும். வருஷத்துல 300 நாள்."

வளையல்காரம்மா நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டார். 80ஐ 300ஆல் பெருக்கினால் 24,000. எட்டு வருடத்துக்கு 1,92,000. மீட்டரில் இருப்பது 1,97,412. கணக்கு ஒத்துப்போனது.

பாய் வளையல்காரரிடம் சொன்னார்: "இன்ஜின் அதிகம் தேயறது எப்போ தெரியுமா? காலையில ஸ்டார்ட் பண்ற நேரம். அப்போ ஆயில் கீழே தங்கியிருக்கும். தெருவுக்குள்ளேயே நூறு தடவை நிறுத்தி நிறுத்தி எடுக்கிற வண்டி சீக்கிரம் தேயும். சாலையில ஒரே சீரா ஓடினா தேய்மானம் கம்மி. நேரத்துக்கு ஆயில் மாத்தினா ரெண்டு லட்சம் ஓடின இன்ஜினும் நிக்கும். மாத்தலைன்னா அறுபதாயிரத்துலயே படுத்துடும்."

ஆனால் பாய் அதோடு விடவில்லை. நோட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக வண்டியைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

காலை ஆறு மணி

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூவரும் போனார்கள். "நாங்க வர்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க" என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சூடான இன்ஜின் தன் நோயை மறைத்துவிடும். குளிர்ந்த இன்ஜின் காட்டிக் கொடுக்கும்.

இந்த வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். பாய் சீட்டைத் தூக்கினார். இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ஆயில் மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தைக் காட்டினார். அங்கே மோர் போல வெள்ளையாக ஒட்டியிருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். இதில் அப்படி இல்லை.

ஸ்டார்ட் செய்தார். இரண்டாவது தடவையில் பிடித்தது. வளையல்காரம்மா பின்னால் நின்று புகையைப் பார்த்தார். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் எரிகிறது. அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வரும் மெல்லிய ஆவிக்குப் பயப்பட வேண்டாம். இந்த வேனில் அதுகூடச் சீக்கிரம் நின்றுவிட்டது.

பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். மேம்பாலத்தில் ஏற்றினார்கள். இன்ஜின் உறுமியும் வண்டி இழுக்காவிட்டால் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தம். நன்றாகவே இழுத்தது. ஆனால் பிரேக் போட்டபோது வண்டி இடதுபக்கம் ஒதுங்கியது. பள்ளத்தில் இறங்கும்போது முன்னால் டக் டக் என்று சத்தம். பாய் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

டயரிலும் படிக்க ஒன்று உண்டு. டயரின் பக்கச் சுவரில், சிறு நீள்வட்டத்துக்குள், நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம். அடுத்த இரண்டு எண் ஆண்டு. ஸ்டெப்னி டயரில் 1418 என்று இருந்தது. அதாவது 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தது. உங்கள் தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு வண்டியின் டயரில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். அது எந்த ஆண்டு டயர்?

புதுச்சேரியில் கடல் காற்று உப்பைக் கொண்டுவரும். அடித்தகடு துருப்பிடிக்கும். வளையல்காரம்மா பின்பக்கம் ஏறிக் கதவை மூடிக்கொண்டார். உள்ளே இருட்டு. பாய் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. பட்டாணி அளவு ஓட்டை.

"இதை அடைக்காம ஒரு ராத்திரிகூட இதுல படுக்கக் கூடாது தங்கச்சி" என்றார் பாய்.

ஏன் அப்படிச் சொன்னார்? இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியாமலேயே உயிரை எடுத்துவிடும். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில் ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் புகுந்திருந்தது. அதனால் ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது உள்ளே படுக்கக் கூடாது. அடுப்பு வெளியேதான் இருக்க வேண்டும். சரக்குக் கூட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டவும் கூடாது. நிறுத்திய பிறகுதான் அங்கே படுக்கலாம். அதுவும் காற்றுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து.

வளையல்காரருக்கு இன்னொரு ஆசை. உள்ளே கட்டில் வெல்டிங் செய்து, பக்கத்தில் ஜன்னல் வெட்ட நினைத்தார். பாய் தடுத்தார். வண்டியின் அமைப்பை மாற்றப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி வேண்டும். எடுத்து வைக்கிற பலகையும் பாயும் இருந்தால் போதும் என்று முடிவானது.

கணக்கும் காகிதமும்

பாயின் சீட்டில் இப்போது ஐந்து வேலைகள் இருந்தன. இரண்டு டயர், ஸ்டெப்னி, பிரேக், முன்பக்க ஷாக், தரை வெல்டிங். கூட்டிப் பார்த்தால் 28,000 ரூபாய். அதிகம் ஓடிய வண்டி வாங்குகிறவர்கள் இந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். எல்லாப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டால், வண்டி மெக்கானிக் வாசலில் நிற்கும்.

வளையல்காரம்மா அந்தச் சீட்டைப் பெரியவரிடம் கொடுத்தார். பெரியவர் படித்துப் பார்த்தார். பேசிப் பேசி விலை 2,12,000 ரூபாயில் முடிந்தது. பழுதுக்கு 28,000. மீதி 10,000 பெயர் மாற்றச் செலவுக்கு.

அடுத்து ஆர்.சி. பாய் வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் படித்தார். வளையல்காரம்மா ஆர்.சி.யில் சரி பார்த்தார். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். ஒன்றுகூட மாறவில்லை. மகள் கைபேசியில் அரசின் பரிவாகன் தளத்தைத் திறந்தாள். வண்டி எண்ணைப் போட்டாள். தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் இரண்டின் கடைசி நாளும் தெரிந்தன. இன்சூரன்ஸ் இன்னும் ஐந்து மாதம் இருந்தது. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று. அதற்கு மேல் வருடா வருடம். அந்தச் செலவு இனி இவர்களுடையது.

"அம்மா, இங்கே ஒரு பாங்க் பேர் இருக்கு" என்றாள் மகள்.

ஆர்.சி.யிலும் அந்தப் பெயர் இருந்தது. வண்டிக் கடனை 2022லேயே கட்டி முடித்துவிட்டதாகப் பெரியவர் சொன்னார். ஆனால் வங்கியின் பெயரை நீக்கவில்லை. வங்கிக் கடிதமும் 35ஆம் எண் படிவமும் கொடுத்தால்தான் நீக்குவார்கள்.

"என்னை நம்பலையாம்மா?" என்றார் பெரியவர்.

"உங்களை நம்பறேன் ஐயா. காகிதத்துல இன்னும் பாங்க் பேர் இருக்குதே. கடிதம் வரட்டும். மீதிப் பணம் தர்றேன்."

பெரியவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் சீட்டு எழுதிக் கொடுத்தார்:

"என் சரக்கு வேனை 2,12,000 ரூபாய்க்கு (இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்) விற்கச் சம்மதிக்கிறேன். இன்று முன்பணம் 5,000 ரூபாய் (ஐயாயிரம்) பெற்றுக்கொண்டேன். வங்கிக் கடிதம் கொடுத்த பிறகு மீதி 2,07,000 ரூபாய் பெற்றுக்கொள்வேன். 30 நாளில் கடிதம் தராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவேன்."

கீழே வண்டி எண், சேசிஸ் எண், தேதி, இருவர் கையெழுத்து, சாட்சி இருவர். வளையல்காரம்மா கையெழுத்துப் போடும் முன் சீட்டை முழுதாகப் படித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. 29, 30ஆம் எண் படிவங்களில் பெரியவர் கையெழுத்துப் போட்டார். வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கி அலமாரியில் போட்டு வைப்பவர்கள் உண்டு. அது இருவருக்கும் ஆபத்து. வாங்குகிறவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். வண்டி விபத்தில் மாட்டினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதிக்கொண்டார்கள். காலை 10 மணி 40 நிமிடம். இன்சூரன்ஸ் பெயரை மாற்ற 14 நாள்தான் கெடு. அதற்கு மறுநாளே போனார்கள்.

ஆர்.சி. யார் பெயரில்? குழுவில் கடன் வாங்கியவர் வளையல்காரம்மா. வண்டியும் அவர் பெயரில்தான் என்று வளையல்காரரே சொன்னார்.

பெரியவர் மஞ்சள் பையையும் நோட்டையும் கொடுத்தார். நோட்டில் பக்கம் தீர்ந்திருந்தது. வளையல்காரம்மா கடையில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினார். பாய் பட்டறையில் வேலை முடிந்த அன்று, பானெட் மேல் வைத்து முதல் வரியை எழுதினார். தேதி போட்டார். மீட்டரைப் பார்த்து 1,97,530 என்று எழுதினார். பிறகு எழுதினார்: "பிரேக், ஷாக், டயர் 3, தரை வெல்டிங். ஆயிலும் மாற்றியது."

"வெல்டிங்குக்கு எந்த 'ல்'?" என்று மகளிடம் கேட்டார்.